நம் பிள்ளைகள் உளவியலும் படிக்கட்டும்

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் தெருக்களில் நர்சிங், பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பேச்சுதான் கேட்கிறது. உளவியல் என்றால், "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா?" என்று ஒதுக்கிவிடுகிறோம். அதை ஏன் ஒதுக்கக் கூடாது என்பதை உத்தரப்பிரதேசக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் 6, 7-ம் வகுப்பு மாணவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். ஆதிக்கச் சாதி மாணவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் 321 பேர். சாதியை வெளியே சொல்லாத குழுக்களில் இரு தரப்பும் சமமாகவே புதிர்களைத் தீர்த்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்த குழுக்களில் பெரிய இடைவெளி விழுந்தது. 2004-ல் வெளியான முடிவு இது.

"எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் சொல்லும்போது அந்தப் பிள்ளைகளுக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதை அளந்து, சான்றோடு பேசக் கற்றுத்தருவது உளவியல். அதில் ஒரு பிரிவு வளர்ச்சி உளவியல். கருவில் தொடங்கி முதுமை வரை அறிவு, மொழி, உணர்ச்சி, பழகும் விதம் எப்படி வளர்கின்றன என்று அது ஆராய்கிறது.

இந்தத் துறையில் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேமி கிளார்க் சான்று. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான அவர் இளங்கலையில் கணிதம் படிக்கச் சேர்ந்து, உளவியலுக்கு மாறியவர். பின்னர் அண்ணல் அம்பேத்கர் படித்த அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவரும் கணவர் கென்னத்தும் 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை, பழுப்பு நிறப் பொம்மைகளைக் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றார்கள். பள்ளிகளில் நிறவாரியாகப் பிரித்துவைப்பது செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத்தின் ஆய்வும் இடம்பெற்றது.

நம் மாநிலத்தில் வளர்ச்சி உளவியல் பெரும்பாலும் தனிப் பட்டமாக இல்லை. மூன்றாண்டு உளவியல் பட்டத்துக்குள் ஒரு பாடமாக வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளிலும் உளவியல் படிக்கலாம். எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவர்களைச் சேர்க்கிறார்கள் என்பதைக் கல்லூரியிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்து ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். இளங்கலையோடு நின்றால் மனநல ஆலோசகர் ஆகிவிட முடியாது. முதுகலை வேண்டும், மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் வேண்டும். பாடநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் ஆண்டு கடினமாகவே இருக்கும். சீனியர்களிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

பாடநூலில் வரும் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகள் மூவரைக் கவனித்தே பல முடிவுகளுக்கு வந்தார். நம் காலனிப் பிள்ளைகளைக் கவனித்து எழுத, அங்கேயே வளர்ந்தவர்கள் வர வேண்டும். இந்த ஆண்டு விண்ணப்பத்தில் உளவியலையும் ஒரு விருப்பமாக எழுதுங்கள்.