கௌசிகாவுக்கு வேண்டியது வழி

கோவைக்கு வடக்கே குருடிமலையில் பிறக்கும் கௌசிகா, இடிகரை, கோவில்பாளையம், வாகராயம்பாளையம், தெக்கலூர் என்று விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர்களின் ஓரமாகச் சுமார் 50 கிலோமீட்டர் வந்து, திருப்பூரை அடுத்த வஞ்சிபாளையம் அருகே நொய்யலில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால் செத்த ஆறு என்கிறார்கள். அது தவறு.

இது மழைமறைவுப் பூமி. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றுதான் அதிகம் வரும். மழை மலைக்கு மேற்கேயே கொட்டித் தீர்ந்துவிடும். நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. அப்போது மலைச்சரிவிலும் மானாவாரிக் காடுகளிலும் விழுந்த நீர் பள்ளத்தில் இறங்கி, சில நாட்களில் ஓடி முடிந்துவிடுகிறது. அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் மேல் சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் நிலத்தடி நீர் தங்கும். தடுப்பணையும் குட்டையும் அந்தச் சில நாள் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தினால், சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் ஏறும். ஓடாத மாதங்களிலும் கௌசிகா ஊருக்குத் தண்ணீர் தருவது இப்படித்தான்.

அறுபது ஆண்டுக் கோரிக்கையான அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பட்டது. பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரை, நொடிக்கு 250 கனஅடி வீதம் 70 நாள் இறைத்தால் 1.5 டிஎம்சி. ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்கு அது குழாயில் போகிறது. பெரிய காரியம், மறுக்க முடியாது. ஆனால் பவானியில் உபரி இருந்தால்தான் குழாயில் நீர். உள்ளூரில் பெய்யும் மழை குட்டைக்கு வந்துசேர ஓடை திறந்திருக்க வேண்டும். அங்கே சீமைக்கருவேலும் குப்பையும் கட்டடக் கழிவும் அடைத்துக் கிடந்தால், அந்த மழை குட்டையை விட்டுவிட்டுத் தாழ்வான தெருவுக்குள் புகும்.

பள்ளத்தையொட்டி இடம் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது புலப்பட வரைபடத்தை. ஓடைப் புறம்போக்கின் அகலம் அதில் இருக்கும். தரையில் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியிருந்தாலும் வெள்ளம் கேட்பது அந்தப் பழைய அகலத்தைத்தான். அந்த எல்லையை அளந்து கல் நட வருவாய்த் துறையை ஊராட்சிகள் வற்புறுத்த வேண்டும். தூர்வாருவது அதற்குப் பிறகு.