ஓட்டுவோர் கையும் ஒலிவாங்கியும்

வண்டி ஓட்டுங்கால் கைப்பேசியில் பேசலாகாது என்பதை இன்று சிறுவரும் அறிவர். ஆயின், தொலைவில் உள்ளாரோடு பேச உதவும் கருவி கைப்பேசி ஒன்றுதானா? காவல்துறை வண்டிகளில் ‘வயர்லெஸ்’ என வழங்கும் இருவழி வானொலி உண்டு. பாதுகாவலர்களும் விழா நடத்துவோரும் ‘வாக்கி-டாக்கி’யைக் கையில் வைத்திருக்கின்றனர். உரிமம் பெற்ற ‘ஹாம்’ வானொலி அன்பர் சிலர் தம் காரிலேயே நிலையம் அமைத்துக்கொள்கின்றனர். வண்டியை ஓட்டிக்கொண்டே இவற்றில் பேசுவதைச் சட்டம் தடுக்கின்றதா? மாணவ நண்பர்களே, இவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். அமெரிக்காவின் டெட்ராயிட் நகரக் காவலர் 1928ஆம் ஆண்டில் வண்டிகளில் வானொலி பொருத்தினர். அது செய்தியைக் கேட்க மட்டுமே உதவிற்று. 1933இல் பேயோன் என்னும் ஊரில் பேசவும் கேட்கவும் இயலும் இருவழி வானொலி காவல் வண்டியேறியது. கையில் ஏந்தும் செல்பேசியோ 1973இல்தான் தோன்றியது. இருவழி வானொலியில் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், பொதுவாக இரண்டும் ஒருங்கே நிகழா. ஆகவே பேச்சு சுருக்கமாக அமையும். எனினும் பேசும் அளவும் ஒரு கை பொத்தானுக்கு அடிமையாகிவிடுகின்றது.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, அபாயகரமாக ஓட்டுதலைக் குற்றமாக்குகின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பிரிவுக்கு ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. அது அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு விளக்கை மீறுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் ஆகியவற்றோடு, ஓட்டுங்கால் ‘கையில் பிடிக்கும் தொடர்புக் கருவிகளைப்’ பயன்படுத்துதலும் அபாயகரமாக ஓட்டுதலே என்கிறது அவ்விளக்கம். முதன்முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இங்கே சொல்லாட்சியைக் கவனியுங்கள். ‘கைப்பேசி’ என்று மட்டும் அச்சட்டம் கூறவில்லை. ‘தொடர்புக் கருவி’ எனப் பொதுப்படக் கூறுகின்றது. எனவே கையில் ஏந்தும் வாக்கி-டாக்கியும் அச்சொற்களின் நேர்ப்பொருளுக்குள் அடங்கும். 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டுவோரின் கவனம் சிதறாவண்ணம் வழிகாட்டுதலுக்கு மட்டும் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தலாம் என்கின்றது. உரையாடலுக்கு அச்சலுகை இல்லை.

வண்டியிலேயே பொருத்திய வானொலியாயின் என் செய்வது? கருவி பலகையில் நிலைத்திருக்கின்றது. சுருள் கம்பியில் தொங்கும் ஒலிவாங்கி மட்டும் கைக்கு வருகின்றது. இதனைக் குறிப்பிட்டு அப்பிரிவு ஏதும் உரைக்கவில்லை. இரு பக்கமும் வாதிட இடமுண்டு. பிரிட்டன் இவ்வையத்தைத் தன் விதியிலேயே தீர்த்துவிட்டது. அந்நாட்டில் 2003 டிசம்பர் 1 முதல் செயற்பட்ட கைப்பேசித் தடையிலிருந்து இருவழி வானொலி வெளிப்படையாக விலக்கப்பட்டது. ஆனால் கவனமின்றி ஓட்டினால் அங்கும் தண்டனை உண்டு. நம் 184ஆம் பிரிவும் பொதுமக்களுக்கு ஆபத்து விளைக்கும் எம்முறை ஓட்டத்தையும் பிடிக்க வல்லது. ஆகவே கருவி பொருத்தப்பட்டது என்பதே முழுக் காப்பாகாது.

வானொலிக் கருவியை இயக்க அரசு தரும் உரிமம் வேறு; சாலை விதி வேறு. முன்னது பின்னதற்கு விலக்காகாது. காவலருக்கும் 184ஆம் பிரிவில் தனி விலக்கு எழுதப்படவில்லை. அதுமட்டுமன்று; இச்சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரம் உடையோர் இதனை மீறினால் இருமடங்குத் தண்டனைக்கு உரியர் என 210பி பிரிவு கூறுகின்றது.

இத்துணைக் கடுமை எதற்கு? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்று நொடியில் 50 மீட்டர் கடந்துவிடும். பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையும் மேடவாக்கம் நெடுஞ்சாலையும் கூடும் நம் கீழ்க்கட்டளையில், 50 மீட்டருக்குள் பேருந்தும் ஆட்டோவும் சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளையும் எதிர்ப்படுவது வியப்பன்று. பொத்தானைத் தேடிக் கண் தாழ்ந்த அம்மூன்று நொடியில் வண்டி தானே ஓடியது என்பதே பொருள்.

சட்டம் கையைப் பார்க்கின்றது. ஆபத்தோ கருத்திலும் உறைகின்றது. கை விடுபட்டிருப்பினும் மனம் உரையாடலில் ஆழ்ந்தால் கண் கண்டதை அறிவு காணாது. ஆதலின் அருகிலிருப்பவர் கருவியை இயக்கட்டும். தனியே செல்வோர் ஓரமாக நிறுத்திப் பேசட்டும்.

அழைப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தந்தையோ தமையனோ வண்டியில் செல்கின்றார் என அறிந்தும் மீண்டும் மீண்டும் அழைத்தல் தகாது. மறுமொழி சிறிது தாமதிக்கலாம். மறுமொழி கூற வேண்டியவர் நலமாக வீடு சேர்தல் வேண்டும்.