எங்கள் பாடு

சங்கம் நடத்துகிறேன் என்று சொன்னால் எந்த நடிகருக்கு என்று கேட்கிறார்கள். கலைக்குழு என்று மாற்றிச் சொன்னால், கல்யாணத்துக்கு வருவீர்களா, ரேட் என்ன என்கிறார்கள். நாங்கள் இரண்டும் இல்லை. ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் இரண்டு பேர், ஒரு கேமராக்காரர், சமூகவியல் படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த ஒருத்தர், வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த நான். ஓர் ஊருக்குப் போய் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து விஷயம் திரட்டி, அதைப் படமாகவோ வரைபடமாகவோ நாடகமாகவோ செய்து, முதலில் அங்கேயே காட்டுவது எங்கள் வேலை. சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடுதான் எங்கள் ஊர்.

பதிவு செய்யப் போனபோதே முட்டியது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் என்றால் ஏழு பேராவது இருக்க வேண்டும். மெஸ் நடத்தும் அக்காவையும் மாடி வீட்டில் இருந்த ரிட்டயர்டு தபால்காரரையும் கெஞ்சிச் சேர்த்தோம். கையெழுத்தோடு அவர்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம். இன்றுவரை பொதுக்குழுவுக்கு நேரத்தோடு வருகிற ஒரே ஆள் தபால்காரர்தான்.

காசு எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்று ஓர் அமைப்பு 1993-ல் தொடங்கி, 1995 முதல் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கிராண்ட் கொடுத்து வருகிறது. அதற்கு நாடு முழுக்கப் போட்டி. வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டுமானால், மூன்று வருடமாவது இயங்கி, அதற்குள் 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்டினால்தான் பதிவே கிடைக்கும். பெரிய அமைப்புகள் வாங்கிச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியும் 2020-ல் வந்த சட்டத் திருத்தத்தோடு அடைபட்டது. ஆகவே கல்யாண ஆல்பம் டிசைன், பள்ளிக்கூடச் சுவரில் பெயின்டிங் என்றுதான் எங்கள் வண்டி ஓடுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, பத்திக் துணி செய்து விற்ற காசுதான் நிலமாயிற்று.

ஆனால் குழுக்கள் காசில்லாமல் உடைவதைவிட, யார் முடிவெடுப்பது என்பதில்தான் அதிகம் உடைகின்றன. நாங்களும் உடையப் பார்த்தோம். எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொண்டே, பில் சேர்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெண்கள் தலையில், மேடையில் பேசுவது கேமராக்காரர் என்று ஆகியிருந்தது.

வழி காட்டியது பழவேற்காட்டு ஏரி. அங்கே இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சில இடத்தில் இறால் கொட்டும், சில இடத்தில் வலை நனைந்ததுதான் மிச்சம். நல்ல இடம் ஒருவன் கையிலேயே தங்கிவிடாதபடி சீட்டுக் குலுக்கி, வரிசையாகச் சுற்றி வருவார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பேர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றிலும் பாடு நாள் தெரியாத பிள்ளை கிடையாது. நாங்களும் எங்கள் வேலைகளுக்கு மெஸ் அக்காவின் டிபன் டப்பாவில் சீட்டுப் போட்டோம். எனக்கு ‘கணக்கு’ விழுந்தது. வங்கிக்காரியாயிற்றே என்று எல்லோரும் சிரித்தார்கள். சட்டப்படி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், சீட்டில் வந்தவரையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்ததாக மினிட்ஸ் எழுதிவிடுகிறோம்.

இந்தோனேசியாவில், ஜகார்த்தாவில், 2000-ல் தொடங்கிய ருவாங்ருபா என்ற குழு இதே மாதிரி ஊர்ப் பழக்கம் ஒன்றைத்தான் கையில் எடுத்தது: லும்பூங், ஊர்ப் பொது நெற்களஞ்சியம். 2022-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் டாக்குமென்டா கண்காட்சி அவர்கள் பொறுப்பில் வந்தபோது, பணத்தையும் முடிவுகளையும் பல குழுக்கள் கூடிப் பேசிப் பங்கிட்டுக்கொண்டன. தாரிங் பாடி என்ற குழுவின் பெரிய பதாகை ஒன்றில் யூத வெறுப்புச் சித்திரங்கள் இருந்தது தெரிந்து, தொடங்கிய சில நாட்களிலேயே அதை இறக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கும் இடத்தில் யார் பதில் சொல்வது? அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் மெஸ்ஸில் யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

பாடு முறையைப் பற்றி நாங்கள் பெருமையாக ஒரு படம் எடுத்துத் திரையிட்டோம். முடிந்ததும் இருளர் அக்கா ஒருவர் எழுந்தார். “நல்லாத்தான் இருக்கு மேடம். இதுல நாங்க எங்க?” என்றார். பாடு என்பது பட்டினவர் ஆண்களின் உரிமை. பெண்களுக்குச் சீட்டில்லை, மற்றச் சாதியாருக்கும் இல்லை. ஐந்து பேர் இத்தனை நாள் உட்கார்ந்து ஆராய்ந்ததில் இது எங்கள் கண்ணில் படவே இல்லை.

அடுத்த மாதம் அவர் பின்னால் போனோம். முழங்கால் தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார். பிடித்ததைப் போட பனையோலைப் பறி, அது பல்லிடுக்கில். பறி வாயில் இருக்கும்வரை பேச முடியாது. நாங்கள் ஒரு கேள்வி கேட்டால் பறியை எடுக்க வேண்டும், இரண்டு கையும் சும்மா நிற்கும். மூன்று கேள்வி பொறுத்தார்.

“படத்துக்குக் காசு வேணாம் மேடம். பறிய எறக்குன நேரத்துக்கு எறா யாரு குடுப்பா?”

அன்றிலிருந்து என் நோட்டில் ‘பறி இறக்கிய நேரம்’ என்று ஒரு தலைப்பு. அந்த நேரத்தில் எவ்வளவு இறால் கிடைத்திருக்கும் என்று அவர் சொல்வார், அன்றைய விலையைப் போட்டுக் கொடுப்போம். “இது என்னம்மா ஹெட்?” என்றார் ஆடிட்டர். விளக்கினேன். யோசித்துவிட்டு, ‘மதிப்பூதியம்’ என்று எழுதிக்கொண்டார். ஒரு நன்கொடை நிறுவனத்தின் படிவத்திலோ இருளர் அக்காவுக்கு ‘பயனாளிகள்’ என்ற கட்டம்தான் இருந்தது. பயன் யாருக்கு என்று அந்தக் கட்டத்துக்குள் எழுத இடமில்லை. அந்தப் பணத்துக்கு நாங்கள் போகவில்லை.

போன வருடம் இருளர் அக்காவை உறுப்பினராகச் சேர்த்தோம். டிபன் டப்பா சுற்றி வந்தது. சீட்டைப் பிரித்து மகளிடம் நீட்டினார். “கணக்கும்மா” என்றாள் மகள்.

நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான்காவது பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆறாந்தேதி டீ ரெண்டு வாட்டி வந்துருக்கே, ஏம்மா?”