றலியை விற்பதா, வைத்திருப்பதா?

யாழ்ப்பாணத்துச் சில்லுகள்: தொடர் 8

கடந்த வாரம் ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பார்த்தோம். அவை வசதியானவர்களின் வீட்டிலும் வாடகைக்கார் தரிப்பிடங்களிலும்தான் நின்றன. சைக்கிள் அப்படியல்ல. ஆசிரியர், தபாற்காரர், சுருட்டுத் தொழிலாளி, மீன் வியாபாரி, ரியூசனுக்கு ஓடும் மாணவர் என்று குடாநாட்டில் எல்லாரையும் சுமந்த வண்டி அது. அதிலும் றலிக்குத் தனி மரியாதை. அப்பப்பா வாங்கிய றலி இன்றும் எத்தனையோ வீடுகளின் தாழ்வாரத்தில் நிற்கிறது. அதே வீட்டில் பேரனோ பேத்தியோ கியர் வைத்த புதுச் சைக்கிள் கேட்கிறார்கள். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பதா, திருத்தி ஓடுவதா?

பதில் சொல்வதற்கு முன், நிற்பது உண்மையில் றலிதானா என்று பார்க்கவேண்டும். செயின் வீலில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் றலி. விரித்த கை இருந்தால் றட்ஜ். முன் போர்க் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இறங்கினால் ஹம்பர். ஹம்பரை 1932இலும் றட்ஜை 1943இலும் றலி வாங்கிவிட்டது. ஆகவே பிற்காலத்தில் இந்த மூன்றுமே இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் ஒரே கம்பனியின் கீழ் செய்யப்பட்டவை. மூன்று கியர் உள்ள சைக்கிளானால் வயதையும் கண்டுபிடிக்கலாம். பின்சில்லின் ஸ்டேர்மி ஆச்சர் ஹப்பில் படிந்த பழைய கிறீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் இரண்டு இலக்கங்களும் அவற்றோடு ஒரு மாத எண்ணும் தெரியும். 62, 5 என்றிருந்தால் அந்த ஹப் 1962 மே மாதத்தில் செய்யப்பட்டது.

இந்தச் சைக்கிள்கள் இவ்வளவு காலம் எப்படி மிஞ்சின? பாசம் மட்டும் காரணமல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரம் போனது, எரிபொருள் தடைப்பட்டது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாத பெரும்பான்மைச் சனம் சைக்கிளைத்தான் நம்பியது. பற்றறி கிடைக்காத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டார்கள். கடல்நீரேரியைக் கடக்கக் கிளாலியில் படகேறியவர்கள் சைக்கிளையும் கூடவே ஏற்றினார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன இலட்சக்கணக்கானவர்களில் பலர் சைக்கிளில் ஏறி ஓடவில்லை. பாரிலும் கரியரிலும் ஹாண்டிலிலும் வீட்டையே கட்டித் தொங்கவிட்டு, உருட்டிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பாரத்தைத் தாங்கிய பிறேமைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுக்க ஒரு குடும்பம் தயங்கினால், அந்தத் தயக்கம் நியாயமானது.

ஆனாலும் நன்றியுணர்வு வேறு, நாளைக் காலை பள்ளிக்கூடம் போவது வேறு. முதலில் பிறேமைச் சோதிக்கவேண்டும். ஹாண்டில் குழாயோடு மேற்பாரும் கீழ்ப்பாரும் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ற் சுருங்கியிருந்தாலோ மேடு தட்டுப்பட்டாலோ அந்தச் சைக்கிள் எப்போதோ எதிலோ நேராக மோதியிருக்கிறது. அடுத்தது நூல் சோதனை. செயின் கவரைக் கழற்றிவிட்டு, பின்சில்லு அச்சுப் பொருந்தும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, ஹாண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கம் அதே இடத்தில் இழுத்துக் கட்டவேண்டும். நூலுக்கும் சீற் குழாய்க்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பிறேம் நேர். கொஞ்சம் வித்தியாசம் என்றாலும் பயமில்லை. உருக்குப் பிறேமை அனுபவமுள்ள கைகள் நிமிர்த்திவிடும். அலுமினியத்தை அப்படி நம்பி நிமிர்த்த முடியாது. கடற்கரையோர ஊர்களில் மட்டும் இன்னொன்றும் பார்க்கவேண்டும். உப்புக்காற்றில் கறள் வெளியே தெரிவதற்கு முன் குழாயின் உள்ளே தின்னத் தொடங்கும். சீற் கம்பியைக் கழற்ற முடியாமல் இறுகியிருந்தால் அதுவே எச்சரிக்கை.

அடுத்த சிக்கல் உதிரிப்பாகம். ரயர், ரியூப்பில் கவலையில்லை. றலியின் 28 அங்குலச் சில்லுக்கு இந்தியாவில் இன்றும் ரயர் செய்கிறார்கள். தொல்லை பெடல் அச்சின் கப்பில்தான். மற்றப் பிரித்தானியக் கம்பனிகள் அங்குலத்துக்கு 24 மரை வெட்டியபோது, றலி 26 மரை வெட்டியது. இந்தியக் கப் பார்வைக்கு அதே அளவுதான். கையால் ஒரு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். அந்த இடத்தில் பெரிய ஸ்பானரைப் போட்டுப் பலவந்தமாகத் திருகினால் பிறேமின் மரை அழிந்துவிடும். விபத்தில் தப்பிய எத்தனையோ நல்ல றலிகள் இந்த ஒரு திருகலில் முடிந்துபோயின. பழைய கப்பில் குழி விழாமல் இருந்தால் அதை மாற்றவே வேண்டாம். குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டு, கிறீஸ் வைத்துப் பூட்டினால் போதும்.

இவ்வளவிலும் தேறிய றலியிலும் ஒரு குறை இருக்கிறது. அதை எந்தத் திருத்துநராலும் முழுதாகத் தீர்க்க முடியாது. பிறேக்.

றலியில் பிறேக்கை இழுப்பது வயர் அல்ல, கம்பி. பிறேக் கட்டை ரிம்மின் பக்கத்தில் பிடிக்காது, உட்புறத்தை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும். ரிம் குறோம் பூசிய உருக்கு. அது நனைந்தால் ரப்பர் வழுக்கும். வெயிலில் சட்டென்று நிற்கும் சைக்கிள் மழையில் வெகுதூரம் ஓடித்தான் நிற்கும். குடாநாட்டின் மழை பெரும்பாலும் ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் காலமும் அதில் அடங்கும். குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் மெதுவாகப் போன காலத்துக்கு அந்தப் பிறேக் காணும். சாய்ந்த போர்க்கும் நீண்ட உடலும் குழிகளின் அதிர்வை வாங்கிக்கொண்டன. 2009க்குப் பிறகு வீதிகள் காப்பெற் ஆயின. குழி குறைந்தது, வேகம் கூடியது. காங்கேசன்துறை வீதியில் மினிபஸ் சடுதியாக ஓரங்கட்டும்போது பிள்ளையின் கையில் இருக்கவேண்டியது அலுமினிய ரிம்மைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும் பிறேக்.

அதற்காகப் புதிதாக விற்பவை எல்லாம் நல்லவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையே இல்லாத ஊரில் முன்னுக்கு ஸ்பிறிங் போர்க் எதற்கு? மலிவான சைக்கிளில் அது பாரத்தைக் கூட்டி, உழக்கும் பலத்தையும் விழுங்கும். கரடுமுரடான தடித்த ரயர் காப்பெற் வீதியில் இழுக்கும். கியர் மட்டும் வீண் அல்ல. யாழ்ப்பாணத்து மலை காற்றுதான். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தாலோ காரைநகருக்குப் பொன்னாலைப் பாலத்தாலோ எதிர்க்காற்றில் உழக்கியவர்களுக்கு ஒரு கியரின் அருமை தெரியும். அதற்கும் 21 கியர் தேவையில்லை, பழைய றலியின் மூன்றே தாராளம்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டு, கியூஆர் அட்டைக்கு எரிபொருள் வந்தபோது தாழ்வாரத்து றலிகள் பல மீண்டும் வீதிக்கு இறங்கின. காற்றடித்து, ரியூப் மாற்றி, எண்ணெய் விட்டதுமே ஓடியவையும் அவற்றில் உண்டு. புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போன நேரத்தில் அவை வீடுகளுக்குக் கைகொடுத்தன.

எனவே தீர்ப்பு இது. பிரதான வீதியால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, ஸ்பிறிங் போர்க் இல்லாத, அலுமினிய ரிம் போட்ட எளிய புதுச் சைக்கிளை வாங்குங்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் தோட்டத்துக்கும் ஒழுங்கையால் போய்வரும் பெரியவர்களுக்கு நேரான பிறேம் உள்ள றலி போதும், அதை மாற்றவேண்டிய அவசியமே இல்லை. மழை நாளில் மட்டும் அதை வீட்டில் விடுங்கள். பிறேம் முறிந்தோ கறள் தின்றோ போய், கொடுத்துவிடுவது என்றே முடிவெடுத்தால், இரும்புக்காரன் வருவதற்கு முன் கப், அச்சு, செயின் வீல், ஹப் எல்லாவற்றையும் கழற்றி ஊர்ச் சைக்கிள் கடையில் கொடுத்துவிடுங்கள். 26 மரைக் கப் புதிதாகக் கிடைப்பது அரிது. அந்த ஒரு சோடியில் பக்கத்து ஊர் றலி ஒன்று இன்னும் பல வருடம் ஓடும்.