கரு மோப்பம் பிடிக்கிறது!

ராத்திரி பதினோரு மணி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறீர்கள். கரண்ட் கட். பரோட்டாக் கடை எங்கே? கவலையே வேண்டாம், மூக்கு சொல்லும். சால்னா வாசனை தூக்கலாக அடித்தால் கடை பக்கத்தில். லேசாக வந்தால் இன்னும் நடக்கணும்.

முட்டைக்குள் கோழிக்குஞ்சு உருவாவதும் கிட்டத்தட்ட இந்த டெக்னிக்கில்தான். பென்னாகரம் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் கூடையில் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும். 21 நாள் சமாச்சாரம். ஆரம்பத்தில் எல்லா செல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரி. 'நீ இறக்கை, நீ கால்' என்று அதட்ட உள்ளே மேஸ்திரி யாரும் கிடையாது. பின்னே எப்படி? ஓர் ஓரத்தில் சில செல்கள் ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். அது பரவப் பரவ நீர்த்துப்போகும். தனக்கு எவ்வளவு வந்தது என்பதை வைத்தே ஒவ்வொரு செல்லும் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது.

இந்த மாதிரி ரசாயனங்களுக்கு 'மார்ஃபோஜென்' என்று 1952-ல் பெயர் வைத்தவர் கம்ப்யூட்டர் மேதை ஆலன் டூரிங். (அவர் அம்மா பிறந்தது நம்ம போத்தனூரில்!)

1968-ல் சாண்டர்ஸ், காஸ்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு குறும்பு செய்தார்கள். கருவில் முளைவிடும் இறக்கையின் பின் ஓரத்துத் துணுக்கை எடுத்து, இன்னொரு இறக்கையின் முன் ஓரத்தில் ஒட்டினார்கள். இப்போது இரண்டு பக்கமும் பரோட்டாக் கடை! செல்கள் குழம்பிப்போய், மூன்று விரல் வரவேண்டிய இடத்தில் ஆறு வந்தது. கண்ணாடியில் பார்த்த மாதிரி, அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று. அங்கே கசிவது 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்று 1993-ல் தெரிந்தது. ஆமாம் ஸார், வீடியோ கேம் ஹீரோ பெயர்தான்!

நடுவில் 1982-ல் இன்னொரு கூத்து. ரெட்டினாயிக் ஆசிட் என்று ஒன்று. வைட்டமின் ஏ-யிலிருந்து உடம்பே தயாரிப்பது. அதைத் துளியூண்டு தோய்த்து முன் ஓரத்தில் வைத்தாலும் அதே ஆறு விரல்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். முகப்பரு முற்றிப்போனால் டாக்டர் எழுதித் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை, இந்த ஆசிட்டின் கூடப் பிறந்த தம்பி. கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தையின் மூளை, இதயம், காது எல்லாமே கோளாறாக உருவாகலாம்.

"நான் ஆம்பளைதானே, எனக்கென்ன?" என்பீர்கள். ரத்ததானம் பண்ணுவீர்கள் அல்லவா? அது ஒரு கர்ப்பிணிக்குப் போனால்? அதனால்தான் அந்த மாத்திரை சாப்பிடும் வரையிலும், நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் வரையிலும் ரத்தம் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். ஆபீஸ் கேம்ப்பில் மானேஜர் பார்க்கிறாரே என்று கையை நீட்டிவிடாதீர்கள். மாத்திரை பெயரைச் சொல்லிவிட்டு, பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு சீட்டுக்குத் திரும்புங்கள்.