"ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கே வந்துட்டே!"



எங்கள் ஐந்தருவிப் பக்கம் சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துவிட்டால், வீட்டுக்கு வீடு இருமலும் ஜலதோஷமும்தான். அந்தச் சமயத்தில் யாரிடமாவது தடுப்பூசி பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் ஒரே பதில்தான் வருகிறது. "போங்கக்கா! கொரோனா காலத்துல ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கே வந்துட்டே, பொறவு நமக்கு எதுக்கு?"

ஊசி போட்டவர்களுக்கும் வந்தது உண்மைதான். ஆனால், வந்த நோய் அவர்களை என்ன செய்தது என்று பார்க்க வேண்டாமா?

நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 2021-ல், இரண்டாம் அலையின்போது, தங்கள் ஊழியர்களையே கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஊசியும் போட்டவர்கள் 7,080 பேர். அவர்களில் 679 பேருக்குக் கொரோனா வந்தது. 64 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆக்சிஜன் தேவைப்பட்டது 4 பேருக்குத்தான். தீவிர சிகிச்சைக்குப் போனது 2 பேர்.

ஊசியே போடாதவர்கள் 1,609 பேர்தான். அவர்களில் 438 பேருக்கு நோய் வந்தது. அங்கும் 64 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 11 பேருக்கு ஆக்சிஜன், 8 பேருக்குத் தீவிர சிகிச்சை. அதுவரை கொரோனாவுக்குப் பலியான ஒரே ஊழியரும் ஊசி போடாதவர். வேறு பல நோய்களும் இருந்தவர்.

ஏன் இப்படி? ஊசி போட்டாலும் சரி, நோய் ஒருமுறை வந்து போனாலும் சரி, உடம்பு அந்தக் கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் கிருமி முதலில் இறங்குவது மூக்கிலும் தொண்டையிலும். கையில் போட்ட ஊசியின் காவல் அங்கே கொஞ்சம் குறைவு. மாதங்கள் போகப் போக இன்னும் குறையும். அதனால் தும்மல், தொண்டைக் கரகரப்பு, ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம். அதற்குள் ஞாபகம் உள்ள அணுக்கள் விழித்துக்கொண்டு, நோய் நுரையீரலுக்கு முற்றாமல் பெரும்பாலும் தடுத்துவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நர்ஸ் பெண்ணுக்கு லேசாக வந்தது, அவளிடமிருந்து தொற்றுகிறவருக்கும் லேசாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. வார்டில் கிடக்கும் நோயாளி, வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார், கைக்குழந்தை... இவர்களுக்கு அந்தக் காவல் இல்லாமல் இருக்கலாம். "சும்மா சளிதானே, டூட்டிக்குப் போ, சமையலைப் பார்" என்று அவளை விரட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

எங்கள் வீட்டு மருமகளும் நர்ஸ்தான். லேசாக மூக்கு ஒழுகினாலும் முகக்கவசம், தனி அறை. அன்றைக்கு அடுப்படி மகன் பொறுப்பு. வீட்டில் பெரியவர்களோ, கர்ப்பிணியோ இருந்தால் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். அந்தக் கிருமி அடிக்கடி உருமாறுவதால் வருஷா வருஷம் போட வேண்டியது அது.

குடை பிடித்தாலும் சாரலில் கால் நனையத்தான் செய்யும். அதற்காகக் குடையே வேண்டாம் என்போமா? என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, ஐந்தருவி, குற்றாலம்.