விபத்துக் காயமும் வட்டிக் கடனும்

சாலை விபத்து ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. அதனால் ஏற்படும் கடனோ பல ஆண்டுகள் தொடர்கிறது.

ஒரு கூலித் தொழிலாளியின் கால் எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை, மருந்து என்று செலவு ஏறும். அவரது கூலி நின்றுவிடும். கூட இருந்து கவனிப்பவரும் வேலைக்குப் போக முடியாது. நகை அடகுக்குப் போகும். மாடு விலை போகும். வட்டிக்குக் கடன் வாங்க நேரிடும்.

இந்தச் சுமையைக் குறைக்கச் சட்டத்தில் வழி உண்டு. அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடனே சிகிச்சை: போலீஸ் வரட்டும் என்று மருத்துவர் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் இது பொருந்தும். 1989-இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்புக் கூறியது.

பணம் கட்டாமல் சிகிச்சை: 2025 மே மாதம் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு இது உதவும். விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில்தான் முழுச் சிகிச்சை கிடைக்கும். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்து உதவி கேளுங்கள். காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள்.

நட்ட ஈடு: அதற்கு மேல் ஆகும் செலவுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு வண்டிக்கும், பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ் கட்டாயம். வண்டியின் மீது தவறு இருந்தால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மருத்துவச் செலவு, இழந்த கூலி இரண்டையும் கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். இலவசச் சட்ட உதவி மையத்தில் வழி கேட்கலாம்.

மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால்: அப்போதும் உதவி உண்டு. உயிர் போனால் குடும்பத்துக்கு 2,00,000 ரூபாய். பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை வழங்கப்படுகிறது. தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பத்திரமாக வைக்க வேண்டியவை:
- முதல் தகவல் அறிக்கையின் நகல்
- மருந்துச் சீட்டு, பில், ரசீது
- மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் சீட்டு
- மோதிய வண்டியின் எண்

இந்தக் காகிதங்கள்தான் சாட்சி. இவை இல்லாவிட்டால், செலவு செய்த பணத்தைக் கேட்டுப் பெறுவது கடினம். எந்தக் காகிதத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் கேளுங்கள்.